சைரன் ஊதாத நாட்கள்

"இரத்தம் பொய் சொல்லுமோ, ஐயா?"

வணக்கம்கூடச் சொல்லாமல் றீற்றா கேட்ட முதற் கேள்வி இதுதான். காலை ஏழரை மணி. சோமசேகரம் அப்போதிக்கரி பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எதிரே இருந்த கதிரையைக் காட்டினார். முப்பத்தெட்டு வருடம் அரசாங்க மருந்துச்சாலைகளில் நாடி பிடித்தவர். அதில் பாதிக் காலம் திடீர் மரண விசாரணை அதிகாரியாகவும் இருந்தவர். ஓய்வு பெற்று உட்துறைமுக வீதியில் குடியிருந்தாலும், திருகோணமலையில் யாருக்காவது ஒரு சங்கதி விளங்கவில்லை என்றால் அவர்கள் கடைசியில் அந்தக் கதிரையில்தான் வந்து உட்காருவார்கள்.

பக்கத்தில் பத்திரிகை நிருபர் முனாப் இருந்தார். அவருக்கு அன்று மனம் சரியில்லை. மட்டக்களப்பு நிருபர் எழுதிய காய்ச்சல் செய்தி முதற் பக்கத்திலும், தான் எழுதியது ஆறாம் பக்கத்தில் சவர்க்கார விளம்பரத்துக்குக் கீழேயும் வந்திருந்ததே காரணம். பொறாமை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். நியாயம் கேட்கிறேன் என்பார்.

"இரத்தம் பொய் சொல்லாது, பிள்ளை. அதைக் கேட்டுச் சொல்லுற ஆக்கள் சொல்லலாம்," என்றார் சோமசேகரம். "இருங்கோ. ஆரம்பத்தில இருந்து சொல்லுங்கோ."

அது ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு. ஏசியன் ப்ளூ என்ற தொற்றுக் காய்ச்சல் ஊருக்குள் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. டொக்டர் கிறிஸ்தோபர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நடத்திய பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிப்பவள் றீற்றா. வயது இருபத்தெட்டு.

"காய்ச்சலோட நூறு பேர் வந்தால் தொண்ணூறு பேர் நாலு நாள் இருமிப்போட்டு எழும்பிப் போயிடுவினம், ஐயா. மிச்சப் பத்துப் பேருக்கு மூண்டாம் நாள் நெஞ்சடைச்சு மூச்சு எடுக்க ஏலாமப் போகும். முதல் நாள் பாத்தால் எல்லாரும் ஒரே மாதிரித்தான். அந்தப் பத்துப் பேர் ஆர் எண்டு முந்தியே தெரிஞ்சால் முந்தியே ஒட்சிசன் வைக்கலாம். நீலம் பாரிச்ச பிறகு வைச்சுப் பிரயோசனமில்லை. அதைத்தான் நான் இரத்தத்தில தேடினனான்."

கண்டும் பிடித்திருந்தாள். வழி மிகச் சாதாரணமானது. நோயாளியின் இரத்தம் உறையாதபடி சித்திரேற்றுக் கரைசல் கலந்து, நீண்ட ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஒரு மணித்தியாலம் நேராக நிறுத்தி வைப்பாள். செங்குழியங்கள் கீழே படிய, மேலே தெளிந்த நீர் நிற்கும். அது எத்தனை மில்லிமீற்றர் என்பதுதான் ஈ.எஸ்.ஆர். முதல் நாளே நாற்பதைத் தாண்டியவர்களில் அநேகமாக எல்லோரும் மூன்றாம் நாள் மோசமானார்கள், தாண்டாதவர்கள் தப்பினார்கள். அதோடு, கண்ணாடித் தகட்டில் இரத்தம் பூசி நுணுக்குக்காட்டியில் பார்த்தால், மோசமாகப் போகிறவர்களுக்கு லிம்போசைற் என்ற வெண்குழியங்கள் நூற்றுக்குப் பதினைந்துக்கும் கீழே இறங்கியிருந்தன. கூட்டம் பெருகியதும் தகடுகளை எண்ண நேரமில்லாமல் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டு, குழாயை மட்டும் நம்பினாள். நாற்பதைத் தாண்டினால் கட்டிலில் தொங்கும் ரிக்கற்றில் சிவப்புக் கோடு.

"இப்ப மூண்டு கிழமையாக் கண்ட பாட்டுக்குச் சிவப்பு," என்றாள் றீற்றா. "நேவிக்காரர் தந்த ஒட்சிசன் சிலிண்டர் ரெண்டு. ஒண்டைப் போன கிழமை சிவப்புக் கோட்டுக்காரர் ஒருத்தருக்கு வைச்சம். அவர் அடுத்த நாள் பேப்பர் வாசிச்சுக்கொண்டு வீட்டை போனார். சிலிண்டர் முடிஞ்சுது. ஒண்டுதான் மிச்சம். கொழும்பில இருந்து வர நாலு நாள் ஆகும். இப்ப வாட்டில சிவப்பில மூண்டு பேர் இருக்கினம்."

கொப்பியைத் திறந்து காட்டினாள். திங்கட்கிழமை பரிசோதித்த, பிரிட்டிஷ் கடற்படையின் கப்பற்பட்டறையான டொக்யாட்டின் காவற்காரர், நாற்பத்தாறு. செவ்வாய்க்கிழமை பேக்கரி முதலாளி, நாற்பத்தெட்டு. நேற்றுப் புதன்கிழமை கிண்ணியாவிலிருந்து வந்த அசனா, இருபத்திரண்டு வயது, நாற்பத்துநான்கு.

"டொக்டர் இண்டைக்கு மூண்டு பேருக்கும் திரும்ப எடுக்கச் சொன்னவர். ஒரு மணிக்குப் பாத்து ஒராளுக்குச் சிலிண்டர். இதுவும் பிசகினால் கொப்பியை மூடி வை எண்டிட்டார். என்ர வேலை போனாலும் காரியமில்லை, ஐயா. பிழையான ஆளுக்குச் சிலிண்டர் போச்செண்டால் மற்ற ஆளை நான் கொண்ட மாதிரி."

சோமசேகரம் கொப்பியை மூடித் திருப்பித் தந்தார்.

"உங்களில எரிச்சல் உள்ள ஆக்கள் ஆராவது?"

றீற்றா தயங்கினாள். "நிக்கலஸ் அண்ணை. கொம்பவுண்டர். நான் வரமுதல் இரத்தமும் அவர்தான் பாத்தவர். கொழும்பில ஆறு மாதப் பயிற்சிக்கு டொக்டர் என்ர பேரைக் குடுத்த நாளில இருந்து என்னோட கதைக்கிறதில்லை. மற்றது மேற்றன் மாகிரட். முந்தி டொக்டர் வந்த உடன 'ஆருக்குக் கடுமை' எண்டு அவவைத்தான் கேப்பார். இப்ப என்ர கொப்பியைக் கேக்கிறார்."

"வீட்டுக்காரர் என்ன சொல்லுறார்?"

"அவருக்கென்ன? டொக்யாட்டில கிளாக்கர். எனக்கு வேலை கூட எண்டு மூண்டு கிழமையா வீட்டை போய் மத்தியானச் சாப்பாடும் அவர்தான் கொண்டு வாறார், வெயிலுக்க சைக்கிள் மிதிச்சு. ஈ.எஸ்.ஆர். எல்லாம் அவருக்கு இப்ப பாடம். சாப்பாட்டு மேசையில எனக்கு வேற கதை இருந்தால்தானே. இந்தப் பிசகை மட்டும் சொல்லயில்லை, பயந்து பதகளிப்பார்."

"கொம்பவுண்டர்தான்," என்றார் முனாப், அவள் முடிக்குமுன்.

"முனாப், நாங்கள் இன்னும் வீட்டை விட்டே வெளிக்கிடயில்லை," என்றார் சோமசேகரம்.

ஆஸ்பத்திரி வாசலில் தலைமைத் தாதியான மேற்றன் மாகிரட் நின்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சப்பாத்து, முகம் மட்டும் கறுத்திருந்தது.

"இருபத்தைஞ்சு வருசம் நான் நகத்தையும் முகத்தையும் பாத்துச் சொன்னனான்," என்றார், யாரும் கேட்காமலே. "எனக்கு ஒருத்தரும் கொப்பி தரயில்லை, கொழும்புக்கு அனுப்பயில்லை. ஓம், வயிறு எரியுதுதான். அதுக்காக நான் நோயாளியில கை வைப்பனோ?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கிண்ணியாப் பிள்ளையின்ர நகம் எனக்குப் பிடிக்கயில்லை. என்னை ஆர் இப்ப கேக்கினம்?"

வாட்டில் அசனாவின் தாய் சுபைதா ஓலை விசிறியால் மகளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அசனா சிரித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். அடுத்த கட்டிலில் பேக்கரி முதலாளி இருமி இருமி வாட்டையே அதிர வைத்தார். காவற்காரர் கஞ்சி சூடாக இல்லை என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். மூவரில் யாருக்கு ஒட்சிசன் வேண்டும் என்று கேட்டால் எவரும் பேக்கரி முதலாளியைத்தான் காட்டுவார்கள்.

ஆய்வுகூடம் பின்புறத்தில் ஒரு சிறிய அறை. சுவர் மணிக்கூடு நாலு இருபதில் நின்றுபோய்க் கனகாலம். மேசைக்கு வெள்ளை ஓடு பதித்திருந்தது. அதன்மேல், சுவரோரமாகக் குழாய்கள் நிறுத்தும் மரத் தாங்கி. முன்னால் இரண்டு கால், பின்னால் ஒரு கால். மேலே சிறிய ரசமட்டம். அதற்குள் குமிழி நடுவில் நின்றது.

"குழாய் கொஞ்சம் சரிஞ்சு நிண்டாலும் குழியம் கெதியா இறங்கும். எண் கூடக் காட்டும்," என்று விளக்கினாள் றீற்றா. "அதால குழாய் வைக்கேக்க குமிழியைப் பாப்பன். வாசிக்கேக்கயும் பாப்பன். ஒரு நாளும் பிசகயில்லை."

"நேரம்?"

"டொக்யாட் சைரன். பன்ரெண்டுக்கு ஊத வைப்பன், ஒரு மணிக்கு ஊத வாசிப்பன்."

"இடையில?"

"கையைக் கழுவிப்போட்டுப் பின் விறாந்தையில சாப்பாடு. கதவு பூட்டுறதில்லை. கொம்பவுண்டர், மேற்றன், எல்லாரும் வந்து போற இடம்தானே."

"வாசிக்கேக்க குழாயில ஏதும் வித்தியாசம் கண்டீங்களோ?"

றீற்றா யோசித்தாள். "சில நாள் சிவப்பும் தெளிவும் சேருற இடம் நேர்கோடா இல்லாமல் ஒரு பக்கம் சரிவா இருந்தது. நடுவைப் பாத்து எழுதினனான்."

சோமசேகரம் தாங்கியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். பின்கால் நின்ற இடத்தில், வெள்ளை ஓட்டில், மெல்லிய பச்சை வளையம் ஒன்று தெரிந்தது. ஐம்பது சத நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது.

"பாசி," என்றார் முனாப்.

"களிம்பு," என்றார் சோமசேகரம். "சித்திரேற்று சிந்தின இடத்தில பித்தளை நிண்டால் இப்படிப் பச்சை பிடிக்கும்." கொப்பியை வாங்கி, கடைசி மூன்று வாரங்களையும் ஒவ்வொரு நாளாகப் பிரித்து எழுதினார். எழுதி முடித்ததும் தாளை முனாப்பிடம் தந்தார்.

சிவப்புக் கோடு போட்டும் சுகமாக வீட்டுக்குப் போனவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஒருவர்கூடச் சனிக்கிழமை பரிசோதிக்கப்பட்டவர் இல்லை. சனிக்கிழமைகளில் இரண்டே இரண்டு சிவப்பு. இரண்டு பேரும் உண்மையாகவே மோசமானவர்கள். நேற்றுப் புதன்கிழமை ஆறு பேரைச் சோதித்ததில் அசனா ஒருத்திக்குத்தான் சிவப்பு.

"சனிக்கிழமைக்கும் நேற்றைக்கும் என்ன விசேஷம், பிள்ளை?"

"நேற்று அட்மிரல் பாக்க வாறார் எண்டு யாட்டுக்கு லீவு. சைரன் ஊதயில்லை. டொக்டரின்ர கைமணிக்கூட்டை வாங்கித்தான் நேரம் பாத்தனான். சனிக்கிழமை யாட் அரை நாள். பன்ரெண்டுக்கு மட்டும்தான் ஊதும், அண்டைக்கும் அந்த மணிக்கூடுதான். பாத்து முடிச்சுப்போட்டு வீட்டை போய்ச் சாப்பிடுவன்."

முனாப் துள்ளி எழும்பினார். "விளங்கீற்று! சைரன் பிந்தி ஊதுது! வெள்ளைக்காரன் யாட்டை விட்டுப் போகப்போறான், சைரன்காரனுக்கு இப்ப அசட்டை. ஒரு மணிச் சைரனை ஒண்டேகாலுக்கு ஊதினால் குழாய் கூட நேரம் நிக்கும், எண் கூடும். சைரன் இல்லாத நாளில டொக்டரின்ர மணிக்கூடு சரியான நேரம் காட்டுது. ஒருத்தரும் குற்றவாளி இல்லை, ஐயா!"

மிக நல்ல விளக்கம். சோமசேகரத்துக்கே ஒரு கணம் அதில் ஆசை வந்தது. "போய்ப் பாப்பம்," என்றார்.

புறப்படுமுன் அவர் இரண்டு காரியம் செய்தார். பெட்டியில் கிடந்த தகடுகளை நிக்கலஸிடம் கொடுத்து, அந்த ஒன்பது பேருடையதையும் இப்போது வாட்டிலிருக்கும் மூவருடையதையும் எண்ணச் சொன்னார். பிறகு டொக்டர் கிறிஸ்தோபரிடம் தனியாக ஐந்து நிமிடம் பேசினார். இன்று மூன்று பேரிடமும் இரட்டைப் பங்கு இரத்தம் எடுக்க வேண்டும். ஒரு தொகுதி வழக்கம்போல ஆய்வுகூடத்தில். மற்றது நிக்கலஸின் பழைய தாங்கியில், டொக்டரின் அறைக்குள், பூட்டிய கதவுக்குப் பின்னால். டொக்டரையும் றீற்றாவையும் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாது.

"சைரன் சரியெண்டால் கொம்பவுண்டர்தானே கள்ளன்? அவரிட்டயே சாட்சியைக் குடுத்திட்டீங்கள்," என்றார் முனாப் வழியில்.

"அவர் எண்ணட்டும். சரியா எண்ணினால் அதுவும் ஒரு சாட்சி."

டொக்யாட் வாசற்காவலர் ஸைனுலாப்தீன் சைரனைப் பற்றிய சந்தேகத்தைத் தன் குடும்பத்தைப் பற்றிய சந்தேகமாகவே எடுத்துக்கொண்டார். "கப்பல் மணிக்கூட்டைப் பாத்து ஊதுறது, ஐயா. அரை நிமிசம் பிசகாது. என்ன கதை கதைக்கிறீங்கள்!"

முனாப்பின் விளக்கம் அத்தோடு முடிந்தது. சோமசேகரத்தின் கண் காவற்கூண்டுக்குள் மாட்டியிருந்த பலகையில் இருந்தது. வரிசை வரிசையாக ஆணிகள்; ஒவ்வொன்றிலும் இலக்கம் வெட்டிய பித்தளை வில்லை.

"மத்தியானம் வெளிய போறவர் தன்ர வில்லையைக் கழட்டிக்கொண்டு போவார்," என்று விளக்கினார் ஸைனுலாப்தீன். "திரும்பி வந்து இந்தப் பெட்டியில போடவேணும். ஒரு மணிச் சைரன் ஊதி நிக்கப் பெட்டியைப் பூட்டிப்போடுவன். வில்லை இல்லாமல் வந்தால் ஆரெண்டாலும் உள்ளுக்கு விடமாட்டன். சனிக்கிழமை வில்லை எடுக்கிறதில்லை. ஆர் திரும்பி வரப்போகினம்?"

சோமசேகரம் ஒரு வில்லையைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். நல்ல தடிப்பு. திரும்பி நடக்கையில் அவர் முகம் வாடியிருந்தது.

பன்னிரண்டு மணிச் சைரன் ஊதியது. றீற்றா குமிழியைப் பார்த்து மூன்று குழாய்களையும் நிறுத்தினாள். அதே கணத்தில் டொக்டரின் அறையிலும் மூன்று குழாய்கள் நின்றன. பன்னிரண்டேகாலுக்கு றீற்றாவின் புருஷன் பேணாட் சோற்றுக் கரியரோடு வந்து சேர்ந்தான். முப்பத்திரண்டு வயது, மடிப்புக் குலையாத சேட், வியர்வையில் நனைந்த கழுத்து.

"டொக்டர் உள்ளுக்கோ?" என்றுதான் முதலில் கேட்டான். உள்ளே இருக்கிறார் என்றதும் கரியரை றீற்றாவிடம் கொடுத்துவிட்டு, ஆய்வுகூடத்துக்குள் போய்த் தொப்பியை வைத்துவிட்டு வந்தான். இருவரும் பின் விறாந்தையில் சாப்பிட்டார்கள். அவளுக்கு மீன் முள்ளை எடுத்து வைத்துக்கொண்டே, டொக்டர் இன்று என்ன சொன்னார், எத்தனை தரம் வந்தார் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சோமசேகரம் எல்லோரையும் ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டார். டொக்டர், மேற்றன், நிக்கலஸ், றீற்றா, தொப்பியை எடுக்க வந்த பேணாட், வாசலை மறித்துக்கொண்டு முனாப். சோமசேகரம் மேசைக்கு முன்னால், தாங்கியை மறைத்து நின்றார்.

"நிக்கலஸ், தகடு என்ன சொல்லுது?"

நிக்கலஸ் ஒரு தாளை நீட்டினார். "அந்த ஒம்பது பேருக்கும் லிம்போசைற் முப்பதுக்குக் குறையயில்லை. ஒருத்தருக்கும் கடுமையில்லை. காவற்காரரும் முதலாளியும் அதே மாதிரித்தான். கிண்ணியாப் பிள்ளைக்குப் பதினொண்டு." கொஞ்சம் நிறுத்தி, "றீற்றாவில எனக்குக் கோபம்தான். அதுக்காக எண்ணைப் பிழையாச் சொல்ல ஏலாது," என்றார்.

"அப்ப இரத்தம் உண்மை சொல்லியிருக்கு," என்றார் சோமசேகரம். "குழாய்தான் பொய் சொன்னது. மட்டம் சரியாயிருக்கேக்க வைச்சு, மட்டம் சரியாயிருக்கேக்க எடுத்த குழாய். இடையில ஆரோ தாங்கியின்ர பின்காலைக் கொஞ்சம் உயர்த்தி, திரும்ப இறக்கியிருக்கினம். அதாலதான் சரிஞ்ச கோடு." அவர் ஆறுதலாகப் பையிலிருந்து மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். "ஒரு மணிக்கு இன்னும் நாலு நிமிசம். வேலை இருக்கிற ஆக்கள் போகலாம். நான் ஒருத்தரையும் மறிக்கயில்லை."

மேற்றன் முணுமுணுத்துக்கொண்டு வாட்டுக்குப் போனார். நிக்கலஸ் மருந்தறைக்குப் புறப்பட்டார். முனாப் அவரை விடுவதா என்று சோமசேகரத்தைப் பார்த்தார், சோமசேகரம் தலையசைத்தார். பேணாட் மட்டும் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"இஞ்சருங்கோ, சைரன் ஊதப்போகுது. போங்கோவன்," என்றாள் றீற்றா.

"போறன்."

போகவில்லை. தொப்பியைச் சுற்றினான். மேசையைப் பார்த்தான், சோமசேகரம் அசையவில்லை. றீற்றா அவன் முகத்தைப் பார்த்தாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை; சுகமில்லையோ என்றுதான் பயந்தாள். அவன் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

சைரன் ஊதியது. ஊதி ஓய்ந்தது.

"இனிப் பிந்திப்போச்சு, தம்பி," என்று சொல்லிச் சோமசேகரம் விலகி நின்றார். "உங்கட வில்லையை எடுங்கோ."

ரசமட்டத்தின் குமிழி ஒரு முனையில் ஒதுங்கிக் கிடந்தது. பேணாட் கையை நீட்டவில்லை. றீற்றாதான் தாங்கியின் பின்காலை மெல்ல உயர்த்தி, அடியிலிருந்த பித்தளை வில்லையை எடுத்தாள். நானூற்றுப் பதினேழு. புருஷனின் இலக்கத்தை அவள் வாசித்துப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

"முதல்ல அந்தப் பிள்ளையின்ர அலுவல்," என்றார் சோமசேகரம்.

றீற்றா வில்லையை மேசையில் வைத்துவிட்டு டொக்டரின் அறைக்கு ஓடினாள். பூட்டிய அறைக்குள் நேராக நின்ற குழாய்களில் காவற்காரருக்கு முப்பத்துமூன்று, பேக்கரி முதலாளிக்கு முப்பத்தைந்து, அசனாவுக்கு நாற்பத்தொன்பது. ஆய்வுகூடத்தில் சரிந்து நின்ற குழாய்களில் மூவருமே நாற்பதைத் தாண்டியிருந்தார்கள். சில நிமிடங்களில் சிலிண்டர் அசனாவின் கட்டிலடிக்கு உருண்டது. மேற்றன் மாகிரட் முகமூடியைப் பொருத்தும்போது, "நகம் சொன்னதுதானே," என்று தனக்குள் சொன்னார். றீற்றா அதைக் கேட்டு, "ஓம் மேற்றன், நான் கேட்டிருக்கவேணும்," என்றாள்.

ஆய்வுகூடத்தில் முனாப்பினால் பொறுக்க முடியவில்லை. "எப்படி, ஐயா?"

"நீர் சைரனைப் பிடிச்சீர். அது சரியான முனைதான்," என்றார் சோமசேகரம். "சைரன் ஊதாத நாளில எண் சரி. ஆனால் சைரன் பிழையில்லை. அப்ப சைரனுக்கு அடங்கி நடக்கிற ஆள்தான் பிழை. கொம்பவுண்டரும் மேற்றனும் சனிக்கிழமையும் நேற்றும் இஞ்சதான் நிண்டவை. அவை செய்திருந்தால் அந்த நாளும் பிசகியிருக்கும். ஒரு நாளும் கூடாமல் குறையாமல் ஒரே அளவு உயர்த்தினதால ஒரே பொருள். களிம்பு அது பித்தளை எண்டு சொல்லிச்சு. மூண்டு கிழமையில ஒருக்காலும் மறந்து விட்டிட்டுப் போகாத பொருள். யாட்காரனின்ர வில்லையை விட வேற என்ன? அதை மறந்தால் வாசலுக்குள்ள போக ஏலாது. அதாலதான் இண்டைக்கு எல்லாரும் போக, அவசரமாப் போகவேண்டிய ஒராள் மட்டும் நிண்டார். பிசகு தொடங்கினதும் மூண்டு கிழமை, இவர் சாப்பாடு கொண்டு வரத் தொடங்கினதும் மூண்டு கிழமை. எனக்குக் காலையிலேயே மனம் சொல்லிச்சு. பிழையாயிருக்கவேணும் எண்டு ஆசைப்பட்டன்."

பேணாட் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். றீற்றா திரும்பி வந்து கதவடியில் நிற்பதை அவன் காணவில்லை. அல்லது கண்டும் நிமிரவில்லை.

"ஒரு சாப்பாட்டுக்குள்ள இவவின்ர வாயில டொக்டரின்ர பேர் பதினாலு தரம்," என்றான். "நான் எண்ணினனான். கண்ணை மூடினால் அந்தாளின்ர குரல். ஒக்டோபரில வெள்ளைக்காரன் யாட்டை விட்டுப் போனால் எனக்கு வேலை இருக்குமோ தெரியாது. இவ கொழும்புக்குப் போய்ப் பெரிய ஆளா வருவா. எனக்கு என்ன இருக்கு? எண் பிசகினால் கொப்பியை மூடுவினம், பயணம் நிக்கும் எண்டு நினைச்சன். ஆருக்கும் சாக்கேடு வரும் எண்டு நான் யோசிக்கயில்லை."

"பேப்பர் வாசிச்சுக்கொண்டு போனவருக்கு ஒரு சிலிண்டர் போச்சு," என்றாள் றீற்றா. "அது நீங்கள் வைச்ச வில்லையால. அதுக்குப் பிறகும் வைச்சீங்கள்."

டொக்டர் கிறிஸ்தோபர் விறுவிறென்று தன் அறைக்குப் போனார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்து பேணாட்டின் முன் போட்டார்.

"வாசியும். மூண்டு கிழமைக்கு முதல் உம்மட மனுசி எனக்கு எழுதினது."

பேணாட் வாசித்தான். நாலு வரிதான். கொழும்புப் பயிற்சிக்குத் தன் பெயரைச் சேர்த்ததற்கு நன்றி. ஆனால் வேலை நிச்சயமில்லாத இந்த நேரத்தில் கணவரைத் தனியே விட்டுவிட்டு ஆறு மாதம் போக மனம் வரவில்லை. வேறு யாரையாவது அனுப்பவும். திகதி, அவன் முதன்முதலாகச் சோற்றுக் கரியர் கொண்டு வந்த நாளுக்கு முந்திய நாள்.

"ஏன் எனக்குச் சொல்லயில்லை?" என்று கேட்டான்.

"சொன்னால் உங்களால நான் மறிபட்டுப் போனன் எண்டு நினைச்சுக் கவலைப்படுவீங்கள் எண்டு," என்றாள் றீற்றா. "நான் ஒரு பைத்தியக்காரி."

அவள் அழுதாள். அந்த அறையில் எவருக்கும் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. முனாப்பின் சட்டைப்பையில் பென்சில் இருந்தது. நாளைய முதற் பக்கம் நிச்சயம். மட்டக்களப்பு நிருபரின் நெஞ்சு வெடிக்கும். சோமசேகரம் அவரைத் திரும்பிப் பார்த்தார். முனாப் பென்சிலை எடுக்கவில்லை. ஆனால் அதற்காக இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்று பிறகு ஒருநாள் ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சோமசேகரம் தானாகவே சொன்னார். "எனக்கும் இருந்தது, முனாப். முப்பத்தெட்டு வருசம் முதுகில காது வைச்சுக் கேட்டு நான் ஊகிச்சதை அந்தப் பிள்ளை ஒரு குழாயில ஒரு மணித்தியாலத்தில சொல்லுது. கொப்பியை வாசிக்கேக்க எங்கயாவது பிழை இருக்காதோ எண்டுதான் முதல்ல தேடினன்."

அசனா மூன்றாம் நாள் மூச்சுக்குத் திணறினாள். சிலிண்டர் இருந்ததால் தாங்கினாள். ஏழாம் நாள் சுபைதா மகளைக் கைத்தாங்கலாகக் கிண்ணியாத் தோணிக்குக் கூட்டிப் போனாள். பேக்கரி முதலாளி அதற்கு முன்பே வீட்டுக்குப் போய், ஆஸ்பத்திரிக்கு ஒரு பெட்டி பணிஸ் அனுப்பியிருந்தார்.

அசனா போன அன்று பின்னேரம் றீற்றா டொக்டரிடம் போய், அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடும்படி கேட்டாள். டொக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் நாலாகக் கிழித்தார்.

கொழும்பு ரயிலுக்கு பேணாட்டும் வந்தான். அவள் பெட்டியை அவன்தான் தூக்கி வைத்தான். வண்டி கிளம்பும்வரை ஜன்னலடியில் நின்று, கடைசியில், "எப்ப வருவீர்?" என்று கேட்டான்.

"ஆறு மாதம்," என்றாள் றீற்றா. "வீட்டுக்கு வாறதோ இல்லையோ எண்டு அங்க இருந்து யோசிச்சு எழுதுறன்."

வண்டி நகர்ந்தது. அவன் கூடவே நாலடி நடந்து, பிறகு நின்றுவிட்டான்.